இல்லாத பலகையைக் கூப்பிட்ட பெட்டி

எங்க வீட்டுக்காரர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். என்கிட்ட பேச நேரமிருக்காது, வண்டியோட கோளாறைப் படிக்கிற ஸ்கேனரோட மணிக்கணக்கா பேசுவார். கேட்டா, "அது எதிர்த்துப் பேசாதுல்ல"ம்பார். கொழுப்பு! பட்டறையில பில் போடுறது நான்தான், அதனால தொழில் எனக்கும் கொஞ்சம் அத்துப்படி.

வண்டிக்குள்ள நாலஞ்சு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும், ஒண்ணோட ஒண்ணு வயர் வழியா பேசிக்கிட்டே இருக்கும். ஒண்ணு பதில் சொல்லலைன்னா, 'இன்னாரோட தொடர்பு போச்சு'ன்னு மத்தது எர்ரர் கோடு எழுதி வைக்கும். எழுதின பெட்டியைக் குடையாதே, பேசாம இருக்கிறது எதுன்னு பாரும்பார்.

போன வாரம் ஒரு டாக்சிக்காரர் வந்தார். பழைய வண்டி உடைக்கிற கடையில வாங்கின பெட்டியை மாட்டியிருந்தார். சக்கர நாற்காலியை ஏத்த மோட்டார்ல இறங்குற சாய்வுப் பலகையோட தொடர்பு இல்லைன்னு ஸ்கேனர் காட்டுச்சு. அந்த வண்டியில பலகையே கிடையாது! இவர் கோடை அழிச்சார். சாவியைத் திருப்பினதும் திரும்ப வந்தது. மறுபடி அழிச்சார், மறுபடி வந்தது.

"என்ன கருமம், பேய் புகுந்த பெட்டியா?"ன்னேன்.

"பழைய வண்டி நினைப்புலயே கூப்பிடுது." பெட்டியில பதிஞ்சிருந்த சேசிஸ் நம்பரைத் திரையில எடுத்தார். நாங்க போலீஸ்ல எழுதிக் கொடுத்த அதே நம்பர். "உன் தம்பி வண்டி."

எங்க அம்மா சக்கர நாற்காலியோட ஏற, இவரே பலகை பொருத்தின வண்டி. மூணு வருஷம் முன்னாடி பெட்ரோல் போடப் போனவன், ஆளும் வரலை, வண்டியும் வரலை. போலீஸ் கைவிரிச்சிருச்சு. செத்துட்டான்னு அழுது தீர்த்திருந்தேன்.

போட்டது போட்டபடி அந்தக் கடைக்கு ஓடினோம். "போன மாசம் ஒருத்தர் ஓட்டிட்டு வந்து வித்தார்"னு கடைக்காரர் போன் நம்பர் கொடுத்தார்.

அடிச்சேன். எடுத்தாங்க. மூச்சுச் சத்தம் கேட்டது.

"டேய், அக்காடா."

"அம்மா இருக்காங்களா?"ன்னான். அவன் குரலேதான்.

"இருக்காங்க. படுபாவி, ஏன்டா போனே?"

வச்சுட்டான். அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

வீட்டுல அம்மா முன்னாடி உட்கார்ந்து, "தம்பி உயிரோட இருக்கான்மா"ன்னேன்.

"தெரியும். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

"மூணு வருஷமா நான் அழுதேனேம்மா!"

"ஓடிப்போனவன்னு சொன்னா அவனைத் திட்டியிருப்பே. செத்துட்டான்னு நினைச்சதாலதானே அழுதே"ன்னாங்க அம்மா.