கல்லறைப் படிவத்துக்காக எண்பது கிலோமீட்டர்

இதுவரை இந்தப் பக்கத்தில் வேளாங்கண்ணி போன கதை, ஒகேனக்கல்லில் செருப்பைத் தொலைத்த கதை எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை ஊரைத் தாண்டவில்லை. பெங்களூரிலேயே போக வர எண்பது கிலோமீட்டர், போன மாதக் கடைசிச் சனிக்கிழமை. போன காரியம் ஒரு கையெழுத்து.

எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது. (மாதா கோயிலைத்தான் நாங்கள் கோயில் என்போம்.) புதுக்குழி கிடையாது. குடும்பக் கல்லறையையே திறந்து, பழைய எலும்பைத் துணிப்பையில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளை இறக்குவார்கள். அப்பாவுக்குப் பதினாறு வருஷம் கழித்து அதே குழியில் அம்மாவை வைத்தது அப்படித்தான். அந்த இடம் நமக்குத் தொடர்ந்து வேண்டுமென்றால், உயிரோடு இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் ஆபீசுக்கு நேரில் வர வேண்டும். படிவத்தில் 'இனி இதில் அடக்கம் செய்யப்பட வேண்டியவர்கள்' என்று ஒரு கட்டம். அதில் அவரவர் பெயரை அவரவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கெடு அந்தச் சனிக்கிழமை மாலை நாலு மணி. தவறினால் இடம் வேறு குடும்பத்துக்கு, அப்பா அம்மா எலும்பு பொதுக்குழிக்கு.

பிள்ளைகள் இரண்டே பேர். நான் ஸ்டெல்லா, வயது ஐம்பத்திரண்டு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லிங்கராஜபுரத்தில் ஜாக்கெட் தைக்கிறேன். அண்ணன் அந்தோணிக்கு அறுபத்தொன்று. பேக்டரியில் ரிட்டயர் ஆன மறுநாளே சாவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். விடிந்தால் வெண்பூசணிச் சாறு, கையில் நடை எண்ணும் கடிகாரம். கல்லறை ஆபீஸ் நோட்டீஸ் மூன்று தடவை வந்தது. "அதைக் கண்டாலே பிபி ஏறுது" என்று ஃபிரிட்ஜ் மேல் போட்டு, அதன்மேல் பூசணிக்காயை வைத்தார். கெடு நெருங்கியதும் கனகபுரா ரோட்டுக்கு அப்பால் ஒரு 'இளமை முகாம்' போய்விட்டார். பத்து நாள். போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். இவருக்கு வசதியாகப் போயிற்று.

காலை 6.50க்கு வீட்டை விட்டேன். மெஜஸ்டிக் ஒன்பது கிலோமீட்டர். பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, ஆதார் மட்டும் காட்ட வேண்டும். 7.55க்கு இறங்கி மெட்ரோ பச்சை லைன் பிடித்தேன். கடைசி ஸ்டேஷன் வரை பதினெட்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய், நாற்பது நிமிஷம். உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மணி பார்த்தேன். தைத்துப் பழகிய கால், மிஷின் இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஆட்டோ, பதினாலு கிலோமீட்டர், பேரம் பேசி 320. டிரைவர் கன்னடக்காரர், தமிழும் கொஞ்சம் வரும். முகாம் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏனம்மா, உங்களுக்கு நல்லாதானே இருக்கு? அங்க எதுக்கு?"

"எங்கண்ணன் அங்க வயசைக் குறைச்சிக்கிட்டு இருக்காரு. ரொம்பக் குறைஞ்சு தொட்டில்ல படுத்துட்டா கஷ்டம். அதுக்குள்ள கூட்டிட்டு வரணும்."

சிரித்தாலும் ரேட்டைக் குறைக்கவில்லை. திரும்பும்போது கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்தார். நீங்கள் போனாலும் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஆட்டோ சுற்றாது.

9.35க்கு வாசலில் நின்றேன். மூங்கில் கேட், பன்னீர் வாசனை. மேஜையில் இருந்த பெண் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தாள். பிறகு காதோடு காதாகச் சொன்னாள், "பன்னெண்டு மணி வரைக்கும் மௌனம் ஆன்ட்டி. யாரும் யார்கூடவும் பேசக்கூடாது."

"கல்லறை விஷயம்மா."

"அந்த மாதிரி வார்த்தை இங்க வேண்டாம் ஆன்ட்டி, ப்ளீஸ்."

இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். என் தவிப்பைப் பார்த்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றி என் காலை அதற்குள் வைத்தார்கள். சாந்தி வருமாம். எனக்கு வந்தது மூத்திரம்தான். எதிர்ப் புல்வெளியில் இருபது பேர் வெள்ளை உடையில், மேய்கிற கொக்கு மாதிரி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கொக்கு என்னைப் பார்த்ததும் சட்டென்று மரத்துக்குப் பின்னால் போயிற்று. அதுதான் எங்கள் அண்ணன்.

மணி பன்னிரண்டு அடித்ததும் போய்ப் பிடித்தேன். கையில் முளைகட்டின பயறுக் கிண்ணம்.

"ஏய் ஸ்டெல்லா, தெரியுமா? நேத்து மெஷின்ல நின்னேன். என் உடம்புக்கு வயசு முப்பத்தெட்டுதான்."

"அப்படின்னா நான்தான் உனக்கு அக்கா. இனிமே ஏய் கீய்ன்னு கூப்பிடாத, மரியாதையா பேசு."

"கிண்டல் பண்ணாத. நான் அதுல பேர் எழுத மாட்டேன். நல்லா இருக்கிறவன் கையாலயே எழுதச் சொன்னா அது என்ன நியாயம்?"

"எழுதாத. நாலு மணிக்கு மேல அப்பாவையும் அம்மாவையும் மூட்டை கட்டிப் பொதுக்குழில போடுவாங்க. நீ இங்க பயறு மென்னுக்கிட்டு இரு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. "அம்மாவைக்கூடவா?" என்றார். அம்மா உயிரோடு இருந்தபோது பக்கத்துப் படுக்கையில் ஆள் இருந்தால் தூங்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் தனி ரூமுக்கு அலைந்தவர் அவர். கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

உடை மாற்ற வேண்டுமென்றால் லாக்கர் திறக்க வேண்டும், லாக்கர் திறக்கிற ஆள் இரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அந்த வெள்ளை ஜிப்பா பைஜாமாவிலேயே இழுத்து வந்தேன். ஆட்டோக்காரர் வர 12.50 ஆயிற்று, இந்தத் தடவை நானூறு. ஏறினதும், "சார், எவ்வளவு வயசு கொறைஞ்சுது?" என்று கேட்டார். அண்ணன் என்னைத்தான் முறைத்தார்.

1.45க்கு மெட்ரோ. கூட்டம். ஒரு காலேஜ் பையன் எழுந்து, "குத்கொள்ளி தாத்தா" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி இடம் கொடுத்தான். முப்பத்தெட்டு வயசுக்காரர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷமும் நின்றார். தாத்தாவின் சீட்டில் நான் உட்கார்ந்து வந்தேன்.

மெஜஸ்டிக்கில் 2.40க்கு பஸ். ஊர்ந்தது. ஒரு சிக்னலில் எங்கள் ஜன்னல் பக்கம் நின்ற பலூன்காரனும் நாங்களும் மூன்று பச்சை விளக்கை ஒன்றாகப் பார்த்தோம். 3.35க்குப் பொறுமை போய் இறங்கிவிட்டோம். மீதி ஒன்றரை கிலோமீட்டர் நடை. அண்ணன் விறுவிறுவென்று முன்னால் போனார், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். முகாம் காசு வீணில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆபீசுக்குள் நுழைந்தபோது 3.52. குமாஸ்தா இருதயம் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். அண்ணனின் உடையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா அந்தோணி, ரெடியாவே வந்துட்டியா?"

நான் அடக்க முடியாமல் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கி முழுக்கப் படித்தார். "எழுதுற வரிசைப்படிதான் போகணுமா?" என்று கேட்டார்.

"வரிசை நம்ம கையில இல்லப்பா. யாரு முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத் திறப்போம்."

தலையை ஆட்டிவிட்டு எழுதினார். எ. அந்தோணி. அழகான கையெழுத்து. பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

வாங்கினேன். குனிந்தேன். கை ஓடவில்லை. காலையிலிருந்து எண்பது கிலோமீட்டர், அந்த மனுஷனைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தவள் நான். எனக்கும் இதில் ஒரு கோடு இருக்கிறது என்பது காலையிலிருந்து தெரியும். ஆனால் அதை இன்னொருத்தி வந்து எழுதுவாள் என்கிற மாதிரியே இருந்திருக்கிறேன். பேப்பரில் அந்த வெற்றுக் கோடு ஜாக்கெட்டுக்கு அளவு போட்ட சாக்பீஸ் கோடு மாதிரி இருந்தது. வெட்டினால் வெட்டினதுதான்.

"சீக்கிரம்மா, நாலு ஆகப் போவுது" என்றார் இருதயம்.

அண்ணன் என் முதுகில் கை வைத்தார். கிண்டலே இல்லை. "ஸ்டெல்லா, மூச்சை உள்ள இழு. நாலு எண்ணு. இப்ப மெதுவா விடு. இன்னொரு தடவை."

இழுத்தேன். விட்டேன். மூன்றாவது தடவை விடும்போது எழுதிவிட்டேன். ஸ்டெல்லா மேரி. எழுத்து கோணல்தான். 3.58.

வெளியே வந்து அப்பா அம்மா கல்லருகே நின்றோம். கல்லில் அவர்கள் பெயருக்குக் கீழே ஒன்றரை அடி வெற்றிடம் இருக்கிறது. இவ்வளவு வருஷம் அதைச் சும்மா கல் என்றுதான் நினைத்தேன். அண்ணனின் கடிகாரம் நடுங்கிக் கீச்சிட்டது. பத்தாயிரம் காலடி முடிந்ததாம்.

"வாழ்த்துகள்னு போட்டிருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காக்காய் பறந்துவிட்டது. மறுநாள் காலை அவர் முகாமுக்குத் திரும்பிப் போனார், மீதி நாளை முடிக்க. நானும் தினமும் மிஷினில் உட்காரும் முன் நாலு எண்ணி மூச்சு விடுகிறேன். சாகாமல் இருக்க அல்ல, கை நடுங்காமல் இருக்க.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு படிவம் இருந்தால், கடைசி நாளுக்கு விடாதீர்கள். ஆதார், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் மெஜஸ்டிக்கிலிருந்து பஸ் வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள். கூடப் பிறந்தவர் வர மறுத்தால் கிண்டல் பண்ணியாவது இழுத்துப் போங்கள். அவர் கையெழுத்துக்காக மட்டும் இல்லை. பேனா உங்கள் கைக்கு வரும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.