மூளைக்காரம்மா என் காதுக்குள் வந்த செவ்வாய்க்கிழமை

மூன்று தெரு தள்ளி எறும்பு தும்மினாலும் என் காதில் விழுந்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். இரண்டு காதிலும் கருவி மாட்டினால் பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். கழற்றிவிட்டால் இடி விழுந்தாலும் 'யாரது?' என்பேன். நான் சீரியல் பார்க்கும்போது வீடு அதிரக்கூடாது என்று, தன் மடிக்கணினியின் சத்தம் நேராகக் கருவிக்குள் வரும்படி இணைத்துக் கொடுத்தவள் என் மகள்.

கதையும் அவளுடையதுதான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். ஓரம் மயிரிழை கூடினால் ஃபிரேமில் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். ஊரில் பாதிப் பேர் அவள் தயவில்தான் பேருந்து நம்பரைப் படிக்கிறார்கள். போகட்டும், கால்வாசி.

இந்த வருடம் அவளுக்குப் பின் சேர்ந்த ஒருத்தியை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே என் மகளுக்குக் கை நடுங்கியது. ஒரே வாரத்தில் ஆறு லென்ஸ் ஓரம் உடைந்தது. இப்படியே போனால் கவுண்டருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டார் முதலாளி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கிட்டேன்: "பொறாமைடி அது! உன் பெரியம்மா கழுத்துல புது நெக்லஸைப் பாத்துட்டு, எனக்கு மூணு நாள் பச்சத்தண்ணி பல்லுல படல, தெரியுமா? அப்போ உங்கப்பா..."

"அம்மா, நான் என் கையைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுவாரமே இணையத்தில் ஒரு மனநல ஆலோசகரைப் பிடித்தாள். மூளை எப்படி வேலை செய்கிறது என்பதையும் கரைத்துக் குடித்தவராம். மூளைக்காரம்மா என்று நான் பெயர் வைத்தேன். செவ்வாய் நான்கு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வயிறு எரிந்தது. பல் விழுந்தது முதல் பரீட்சையில் கோட்டை விட்டது வரை, முப்பத்தெட்டு வருடமாக எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். இப்போது திரையில் தலை மட்டும் தெரிகிற, கழுத்துக்குக் கீழே எப்படி இருப்பாள் என்றே தெரியாத ஒருத்திக்கு அந்த யோகம்!

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்னடி சொன்னா?"

"மூளைக்குள்ள ஒரு அலாரம் இருக்காம்மா. நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே அடிச்சிடுமாம். மூச்சை மெதுவா, நீளமா வெளிய விட்டா உடம்பு தணியுமாம்."

"இதைத்தானே நான் 'மூச்சு விட்டுட்டுப் பேசுடி'ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை வத்தினேன்? நான் சொன்னா தொணதொணப்பு, அவ சொன்னா மூளையா?"

சிரித்தாள். பல வாரம் கழித்து வந்த சிரிப்பு. அதுவும் அந்த மூளைக்காரம்மா போட்ட பிச்சை என்று தோன்றவே, எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த செவ்வாய், மதியத் தூக்கம் கலைந்து சமையலறையில் நின்று கருவிகளை மாட்டினேன். காதுக்குள் தேன் தடவிய ஒரு குரல்: "அம்மாகிட்ட எது சொன்னாலும், முடிக்கிறதுக்குள்ள அதைத் தன் கதையா ஆக்கிடுவாங்கன்னு படிவத்துல எழுதியிருக்கீங்க. அந்த நேரத்துல உடம்புல எந்த இடம் இறுகுது?"

கதவுக்குப் பின்னாலிருந்து மகள் குரல்: "மேடம், திடீர்னு சத்தம் நின்னுடுச்சு. ஹலோ?"

எனக்குப் புரிந்துவிட்டது. நான் மாட்டியதும், மடிக்கணினி பழக்கதோஷத்தில் சத்தத்தை என்னிடம் அனுப்பிவிட்டது. அவள் பதில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் கருவி காதில் இருந்தால் கேள்வி அவளுக்குப் போகாது. கழற்றினால் பதில் எனக்கு வராது.

உடனே கழற்றி டப்பாவில் போட்டு மூடினேன்.

கதவு திறந்தபோது மகளின் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதனால் குறுக்கே பேசவும் வழியில்லை. அவள் முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு என் தோளில் சாய்ந்தாள். கவுண்டருக்கு மாற்றவில்லை, இன்றும் பின்னறையில்தான் லென்ஸ் தேய்க்கிறாள்.

நான் இதை எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்த மகள் சொல்கிறாள்: "உடனேயா கழட்டினே? பதினோரு நிமிஷம்மா! நானும் மேடமும் மாத்தி மாத்தி ஹெட்போன் ஒயரைப் பிடுங்கி மாட்டிட்டிருந்தோம். அவ்வளவு நேரமும் கதவுக்கு அடியில உன் கால் நிழல் தெரிஞ்சுது."