கூச்சலுக்குத் திரும்பாதவர்

டயர் கடையில் சக்கரங்களை நேர்பிடித்துக் கொடுப்பது அவருக்குச் சோறு போட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து மைதானத்தில் விசில் ஊதுவது அவர் சோறு மறந்து செய்த வேலை. இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே பெயர்தான்: கோணல். எந்த வண்டி வந்தாலும் எதிரே குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கோணல்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவார். சுவரில் மாட்டிய படம், கல்யாணப் போட்டோவில் நின்ற மைத்துனர், மகள் எடுத்த வகிடு, எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவருக்கும் சுற்றம் குறைவுதான். நடுவராக இருப்பவனுக்குச் சுற்றம் எதற்கு என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டார். மில் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடிய ஆட்டம் அது. மில்காரன் ஒருவன் கோலுக்கு முன்னால் விழுந்தான். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கத்தியது. கோணல் பெனால்டி கொடுத்துவிட்டார். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்! மறுநாள் டயர் கடைப் பையன்கள் யாரோ எடுத்த வீடியோவைச் செல்போனில் காட்டினார்கள். விழுந்தவனை ஒருவரும் தொடவில்லை. தன் காலில் தானே தடுக்கி விழுந்திருந்தான். அந்தத் தோல்வியோடு எதிரணி லீக்கிலிருந்து கீழே இறங்கிக் கொஞ்ச நாளில் கலைந்தும் போனது. கோணலுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பல நாள் இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கால்பந்துச் சங்கத்தில் நடுவர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். நடத்தியவர் மனோதத்துவம் படித்த ஒரு மேடம். ஜன்னலை மூடிவிட்டு, சின்னச் சின்ன ஆட்டக் காட்சிகளைத் திரையில் ஓட்டி, ஃபவுலா இல்லையா என்று உடனே எழுதச் சொல்வார். ஒரு வகுப்பில் சத்தத்தோடு ஓட்டியதை அடுத்த வகுப்பில் சத்தமில்லாமல் ஓட்டினார். அது அதே காட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. கோணல் முதலில் ஃபவுல் என்று எழுதியதற்கு இரண்டாம் முறை ஃபவுல் இல்லை என்று எழுதியிருந்தார்.

"உங்க கண்ணு நேராத்தான் பாக்குது சார். கூட்டம் கத்தினா மனசு அந்தப் பக்கம் சாயுது. எல்லாருக்குமே அப்படித்தான்" என்றார் மேடம்.

எல்லாருக்கும் அப்படித்தான் என்பது மற்றவர்களுக்கு ஆறுதலாக இருந்தது. கோணலுக்கு அது அவமானமாக இருந்தது. ஊரார் வண்டியையெல்லாம் நேராக்குகிறவர் தானே ஒரு பக்கம் இழுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்! மேடம் இன்னொன்றும் சொன்னார். "சத்தத்துக்காக முடிவ மாத்தாதீங்க. ஆனா எதுக்குச் சத்தம்னு ஒரு தடவை சுத்திப் பாத்துக்குங்க." கோணல் முதல் பாதியை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இரண்டாம் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கிறவன் பாதி தோற்றவன் என்பது அவர் கட்சி.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. அவர் டிவியில் ஆட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மனைவி பின்னால் நின்று தட்டைக் கரண்டியால் அடிக்க வேண்டும். மகள் கத்த வேண்டும்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் கத்துறது எதுவும் உங்க காதுல விழுந்ததில்ல. இதுக்குத் தனியா பயிற்சி வேறயா?" என்று மனைவி கேட்டாள். கேட்டுக்கொண்டே தட்டையும் அடித்தாள்.

மகள் கெட்டிக்காரி. மைதானத்தில் அப்பாவை அதிகம் திட்டுவது யாரென்று அவளுக்குத் தெரியும். மில் அணியின் கோல்கீப்பருக்கு ஓர் அக்கா உண்டு. தாயில்லாத தம்பியைத் தையல் மிஷினை மிதித்தே வளர்த்தவள். தம்பி ஆடும் ஆட்டம் ஒன்றுகூட விடமாட்டாள். கோல்கம்பத்துக்குப் பின்னால் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "யோவ் கோணலு! கண்ணு தெரியலன்னா சொல்லு, நான் வந்து ஊதுறேன்!" என்று தொடங்கினாள் என்றால் ஆட்டம் முடியும்வரை ஓயமாட்டாள். ஆயிரம் பேர் கத்தினாலும் அவள் குரல் தனியாக ஏறி வரும். மகள் அந்தக் குரலை அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அந்தக் குரல் வந்ததும் கோணலின் கழுத்து தானாகத் திரும்பியது. மகள் கைகொட்டிச் சிரிப்பாள். மெதுவாகக் கழுத்து அடங்கியது. பிறகு கண் இமைகூட அசையவில்லை. வகுப்பிலும் அவர் எழுதியது ஒன்றும் தப்பவில்லை. மேடம் அவரை எழுந்து நிற்கச் சொல்லி மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். அந்த ஆண்டு இறுதி ஆட்டத்தை அவரிடம் கொடுத்தார்கள். மில் அணி ஆடுகிறது, அதுவும் மில் மைதானத்தில். பழைய கறையைக் கழுவ இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று போனார் பாவி மனுஷர்.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. உயரமாக வந்த பந்தை மில் கோல்கீப்பர் எகிறிப் பிடித்தான். அதே பந்துக்கு எகிறிய எதிரணிக்காரனின் முழங்கால் அவன் தாடையில் பட்டது. இரண்டு பேருக்கும் கண் பந்தில்தான் இருந்தது. ஃபவுல் இல்லை என்று கோணல் கையசைத்தார். அது சரியான தீர்ப்பு. கோல்கீப்பரும் எழுந்தான், பந்தை ஓங்கி உதைத்தான். பந்து மறுகோடிக்குப் பறந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். கோணலும் ஓடினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் கோல்கீப்பர் இரண்டடி நடந்து மல்லாந்து விழுந்தான்.

கூட்டம் கத்தத் தொடங்கியது. ஃபவுல் கொடுக்காததற்குத்தான் கத்துகிறார்கள் என்று கோணல் நினைத்துக்கொண்டார். கத்தட்டும். இந்தக் கோடியில் கார்னர் விழுந்தது, அது தடுக்கப்பட்டு மறுபடி கார்னர் விழுந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேலே அந்தக் குரலும் வந்தது. கழுத்து அசையவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இதைப் பிற்பாடு அவரே தன் வாயால் மனைவியிடம் சொன்னார், சொல்லிவிட்டுச் சுவரில் தலையை மோதிக்கொண்டார்.

பின்னால் துணை நடுவர் கொடியை வீசிக்கொண்டிருந்தார். முதலுதவிக்காரர் பையோடு கோட்டருகே நின்று தவித்துக்கொண்டிருந்தார். நடுவர் கைகாட்டாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். முன்பு ஒருமுறை கேட்காமல் கால் வைத்துச் சங்கத்திடம் தடை வாங்கிய அனுபவமும் அவருக்கு உண்டு. "ரெஃப்ரி சொல்லணும்மா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அவள் வேலியைச் சுற்றி ஓடி, நடுவாசல் வழியாக மைதானத்துக்குள் புகுந்து, நேராக நடுவரை நோக்கி ஓடிவந்தாள்.

பந்து வெளியே போன இடைவெளியில் கோணல் அவளைப் பார்த்தார். வாயால் திட்டியது போதாதென்று உள்ளேயே வந்துவிட்டாளா! இரண்டு கையையும் அகல விரித்து அவளை மறித்தார். அவளுக்கு மூச்சிரைப்பில் பேச்சு வரவில்லை. "தம்பி... தம்பி..." என்றாள். அவர் வாசலை நோக்கிக் கையை நீட்டி, "வெளிய போங்க!" என்றார். போகாமல் அவர் காலடியில் விழுந்தாள். அவள் குனிந்த பிறகுதான் அவளுக்குப் பின்னால் இருந்த கோல்கம்பம் அவர் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே கிடந்தவனும் கண்ணில் பட்டான்.

நாக்கு உள்ளே மடிந்து மூச்சை அடைத்திருக்கிறது. உயிரை மீட்டார்கள். அவ்வளவுதான் மீட்க முடிந்தது. கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் எழுந்து நடந்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கம் விசாரித்தது. முழங்கால் பட்டது தற்செயல், தீர்ப்பு சரி, விதிமீறல் எதுவும் இல்லை என்று எழுதியது. துணை நடுவர் விசில் கேட்கும்வரை கொடியோடு நின்றதும் விதிப்படிதான், முதலுதவிக்காரர் நின்றதும் விதிப்படிதான். எல்லாம் விதிப்படி நடந்து ஒருவன் கட்டையாகக் கிடக்கிறான்! மேடம் டயர் கடைக்கே வந்தார். "சுத்திப் பாக்கச் சொன்னேனே சார்" என்றார். கோணல் ஒரு வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நேராக இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

விசிலை மேஜை இழுப்பறையில் போட்டார். பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லை. இப்போது அவருக்கு எல்லாம் கேட்கிறது. தெருவில் யார் யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார். மகள் குளியலறையிலிருந்து துண்டு கேட்டால் போட்டதைப் போட்டபடி ஓடிவந்து கதவைத் தட்டுகிறார். மகள் வீட்டில் குரலை உயர்த்துவதையே விட்டுவிட்டாள். தான் கற்றுக்கொண்ட குரல் எது என்று அவளுக்கும் தெரியும்.

கோல்கீப்பரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்து ஒரு நாள் போனார். சிறிய அறை. தையல் மிஷினைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தாள் அக்கா. ஒரு கால் மிதித்துக்கொண்டிருக்க, கண் தம்பி மேலேயே இருந்தது. அவரைப் பார்த்ததும் மிஷின் நின்றது. மானத்தை வாங்குவாள், கையில் கிடைத்ததை வீசுவாள் என்று எதிர்பார்த்தார். அப்படி வீசினால் தேவலை என்று நினைத்தே போயிருந்தார்.

"உக்காருங்க சார்" என்றாள். அவள் வாயிலிருந்து அவர் சார் என்று கேட்டதே இல்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். தம்பியின் கடைவாயில் வழிந்ததை அவள் ஒரு வெட்டுத்துணியால் துடைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும், அவரும் தப்பித்திருப்பார். அந்த மனிதருக்குப் பொய் வராது.

"கேட்டுச்சும்மா."

"என் குரல்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அதனாலதான் திரும்பல."

அவள் துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அன்னைக்கு நான் உங்களத் திட்டவே இல்லையே சார்" என்றாள்.