இம்மாகுலேற் அக்காவின் விரல்

முதலில் விரல்தான் போகும். சுட்டுவிரலை இரண்டாம் கணு வரைக்கும் பூச்சாடி மண்ணுக்குள் விட்டு, வெளியே எடுத்து, மூக்கின் கீழ் ஒரு கணம் பிடிப்பார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார். ஒன்பது வருடங்களாகப் பார்க்கிறேன். எந்தச் சாடியைக் கண்டாலும் இம்மாகுலேற் அக்கா இதைச் செய்யாமல் கடந்து போனதில்லை. வைத்தியருக்காகக் காத்திருக்கும் அறையிலும் செய்வார். லண்டன் லூயிஷாம் சந்தையில், செடி விற்கிறவன் முறைத்துப் பார்க்கும்போதும் செய்வார்.

1987இல் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தோம். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். எனக்கு ஐந்தாம் மாடித் தரை. அவருக்கு அதே மாடியின் மேசைகளும், ஜன்னலோரம் நின்ற பதினொரு செடிகளும். செடிகளை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். செடி பார்க்கிறவருக்குக் கழிப்பறை வேலை கிடையாது. முழங்கால் வருத்தத்தோடு அவரால் குந்தியிருந்து தேய்க்க முடியாது.

பெரியது ஒரு ரப்பர் செடி, ஆள் உயரம். அதன் இலைகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைப்பார். ஒரு கை இலையை அடியில் தாங்கும், மற்றக் கை துடைக்கும். தூசு படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, வெளிச்சம் இல்லாமல் இலை சமைக்காது என்பார். "இதுதான் இதின்ர குசினி. குசினியை ஆரும் ஊத்தையா வச்சிருப்பினமோ?" வெள்ளிக்கிழமைகளில், தண்டு ஜன்னல் பக்கமே சாய்ந்துவிடாதபடி சாடியைக் கால் வட்டம் திருப்பிவிடுவார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வேர், தண்டு, இலை என்று பாடமாக்கியது மட்டும் நினைவில் இருந்தது. அவை ஒன்றுக்காக ஒன்று உழைப்பதை அந்த ஜன்னலோரத்தில்தான் பார்த்தேன். பார்த்தேனே தவிர ஒன்றும் கேட்டதில்லை. யாரோடும் பேசக் கூச்சம். அக்கா அதைச் சும்மா விடமாட்டார்.

"இங்க பார் கமலம், இந்த இலைக்கு அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வாய். என்ர மகளின்ர புத்தகத்தில கிடக்கு. அதாலதான் மூச்சு விடுது. உனக்குக் கடவுள் ஒண்டே ஒண்டு தந்தவர், அதையும் நீ திறக்கிறாயில்லை."

நான் சிரித்துவிட்டு மொப்பைப் பிழிவேன்.

அந்த மார்கழியில் அக்காவுக்கு இரண்டு கிழமை காய்ச்சல். "செடியளைப் பார் பிள்ளை. விரலை விட்டுப் பாத்து ஊத்து" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அதே கிழமை ஐந்தாம் மாடியில் மொப் தண்ணீர் ஊற்றுகிற சிங்க் அடைத்துக்கொண்டது. கீழே வாசலில் காவலுக்கு இருக்கும் வெள்ளைக்காரரிடம் சொன்னால் ஒரு நாளில் சரியாகியிருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வசனம் வேண்டும். மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு லிப்டில் இறங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் "குட் மோர்னிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி வந்தேன். வாளியில் ஊத்தைத் தண்ணீர் நிறைந்து நின்றது. ரப்பர் செடியின் சாடி பெரியது. குடித்துவிடும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் அதற்குள் ஊற்றினேன்.

திரும்பி வந்த அன்று அக்கா மண்ணில் விரலை விட்டு முகர்ந்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் விரல் மூக்கின் கீழேயே நின்றது. தரைக்குப் போடும் மருந்தின் எலுமிச்சை மணம். என் கையிலும் அதே மணம்தான். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது.

"வேர் பாவம், கிடைச்சதைக் குடிச்சு மேல அனுப்பும். போய்ச் சேருற கடைசி இடம் இலையின்ர ஓரம். எங்கட பக்கம் உப்புத் தண்ணி விட்டாலும் இப்பிடித்தான் எரியும்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாள் நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்ணை அலசினார். நான் ஒன்றும் சொல்லாமலே சிங்க்கும் சரியாகிவிட்டது. அவர்தான் கீழே போய்ச் சொல்லியிருந்தார். ஆனால் இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

மாத முடிவில் சுப்பவைசர் கணேசலிங்கம் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான்.

"அக்கா, ஒபிஸ்காரர் கத்துகினம். செடியளுக்கு ஆர் பொறுப்பு?"

"நான்தான் தம்பி."

"பெரிய தோட்டக்காரி எண்டெல்லோ கேட்டு வாங்கினியள். நாளையில இருந்து ரொயிலற் கழுவப் போங்கோ. செடிக்கு வெளியில இருந்து ஆள் வருமாம்."

இரண்டு அடி தள்ளி நான் மொப்போடு நின்றேன். இதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. என் சொந்தப் பாஷையில் ஒரு வசனம் போதும். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

அவர் போனதும் அக்கா சிறு கத்தியால் தண்டைக் கீழிருந்து மேலாகக் கீறிக்கொண்டு போனார். அடியில் வெறும் பழுப்பு. நெஞ்சு உயரத்தில் ஒரு துளி பால் கசிந்தது. "வேர் செத்திட்டுது. நுனிக்கு இன்னும் செய்தி போய்ச் சேரேல்ல." இரண்டு இலையோடு நுனியை வெட்டி, பால் நிற்கும்வரை குழாயில் பிடித்தார். வேர் இல்லாத தண்டு தண்ணீரை இழந்துவிடக் கூடாது என்று இலைகளைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டார். ஈரத் தாளில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"என்ர வீட்டில வெயில் இல்லை. நீ கொண்டு போ. வெறும் தண்ணி, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

இப்போது 1996. அந்தச் செடி என் வீட்டு ஜன்னலின் மேல் சட்டத்தைத் தொடுகிறது. அக்கா அதே கட்டடத்தில், முழங்காலுக்குக் கீழே மடித்த துணியை வைத்துக்கொண்டு கழிப்பறை தேய்க்கிறார். ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தால், கோட்டைக் கழற்றுவதற்கு முன் சாடியிடம் போகிறார். விரலை விட்டு முகர்கிறார். சாடியைக் கால் வட்டம் திருப்பிவிட்டு, தேத்தண்ணி கேட்கிறார். நான் போட்டுக் கொடுக்கிறேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.