இடது பின்மூலை

கருகிய ரொட்டித் துண்டு ஒன்றைப் பார்த்தால் போதும், எனக்கு என் சகலையின் நினைவு வந்துவிடும். ரொட்டி சுட்டவர் அவர் இல்லை, நான்தான். ஜொகூர் பாருவை அடுத்த உலு திராமில் எங்கள் வீட்டுப் பின்புறம், மூடி போட்ட கரி அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். நானே வெட்டி வளைத்த எஃகுப் பெட்டி ஒன்றை அதற்குள் இறக்கி, பெட்டிக்குள் வெள்ளை ரொட்டித் துண்டுகளை இடைவெளி இல்லாமல் பரப்பி, மூடிவிட்டுக் காத்திருப்பேன். திறந்து பார்க்கும்போது எந்தத் துண்டு கருகியிருக்கிறதோ அங்கே சூடு அதிகம். எது வெளுத்துக் கிடக்கிறதோ அங்கே சூடான காற்று போய்ச் சேரவில்லை. உடனே தகட்டைக் கழற்றி, ஒரு துளையை அடைத்து, வேறிடத்தில் ஒன்று போட்டு, மறுபடியும் ரொட்டி பரப்புவேன். என் மனைவி பின்வாசல் படியில் உட்கார்ந்து, கருகியது, வெளுத்தது என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் பட்டரும் சீனியும் தடவித் தின்று தீர்ப்பாள். நான் அவளைக் கவனித்ததில்லை. என் கண்ணெல்லாம் யோங் பெங்கில் இருந்தது.

யோங் பெங் எனக்குப் பெண் கொடுத்த ஊர். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனபோது, என் மனைவியின் அக்காளைக் கட்டிய சகலை அங்கே ஏற்கெனவே மூத்த மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். சிலோன்காரர், கிறிஸ்துவர், காதல் கல்யாணம். முதலில் மாமியார் அழுது ஆர்ப்பாட்டம் செய்தாராம். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அதே மாமியாருக்கு அவர் சொன்னதுதான் சட்டம். மின்விசிறி ஓடவில்லையா, மூத்தவர் வரட்டும். கதவு இழுக்கிறதா, மூத்தவர் வரட்டும். பக்கத்திலேயே நான் ஸ்குரூ டிரைவரோடு நின்றுகொண்டிருப்பேன். அவருக்குச் சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களின் குளிர்சாதனக் காற்றுக் குழாய்களை வடிவமைக்கிற வேலை. ஜொகூர் பாருவில் வீடு, தினமும் பாலம் தாண்டிப் போய்வருவார். நானும் ஒன்றும் சும்மா இல்லை. உணவகச் சமையலறைகளுக்குப் புகைக்கூண்டும் மேசையும் செய்கிற பட்டறையில் வரைபடம் போடுகிறவன். ஆனால் அந்த வீட்டில் யார் என்னைக் கேட்டார்கள்? எனக்கு இருந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் தேடி நான் மெனக்கெட்டதில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசமாட்டார், பெருமையடிக்கமாட்டார், குறை சொல்ல ஒரு பிடியும் கொடுக்கமாட்டார். அதனால் வயிற்றெரிச்சல் இன்னும் கூடியது.

மாமனாருக்கு வேலை செய்த இடத்து விருந்தில், குலுக்கலில் ஒரு பார்பிகியூ அடுப்பு கிடைத்தது. அன்றிலிருந்து தீபாவளியன்று மதியம் அந்த வீட்டு முற்றத்தில் கோழி சுடுவது வழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்து மலாய்க்காரர்களும் சீனர்களும் வருவார்கள். எல்லாரும் அடுப்பைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஆனால் அது ஒரு கிறுக்கு அடுப்பு. இந்தப் பக்கம் கோழி கரியாகும்போது அந்தப் பக்கம் ரத்தம் சொட்டும். ஒரு வருஷம் மாமியார் அலுத்துப்போய், "இதுக்கு யாராச்சும் ஒரு வழி பண்ணுங்களேன்லா" என்றார். அது எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னது. 'மூத்தவர் வரட்டும்' என்று அவர் சொல்லாத முதல் சந்தர்ப்பம். நான் பிடித்துக்கொண்டேன். அந்த அடுப்பின் முன்னால் இடுக்கியோடு நிற்கிற இடம் எனக்கு வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்ளட்டும், இந்த ஒன்று எனக்கு.

அடுத்த தீபாவளிக்கு முந்திய புரட்டாசி முழுவதும் அந்தப் பெட்டியோடுதான் வாழ்ந்தேன். யோசனை எளிமையானது. நெருப்பின் மேல் ஒரு தட்டையான தடுப்புத் தகடு. அனல் நேராக ஏறாமல் இரு பக்கமும் பிரிந்து மேலே போய், கூரைத் தகட்டின் துளைகள் வழியாகக் கீழே இறங்கவேண்டும். அப்படிச் செய்தால் அடுப்புக்குள் ஓர் ஓவன் உட்கார்ந்த மாதிரி. எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முட்டைகூட உள்ளே வராது. அதனால் ரொட்டியில்தான் பரீட்சை, நடுவில் மரவள்ளியும் கத்தரிக்காயும். மாதக் கடைசியில் மூடியைத் திறந்தபோது எல்லாத் துண்டுகளும் ஒரே பொன்னிறம். நான் கைதட்டியே விட்டேன். புரட்டாசி முடிந்து தீபாவளிக்குள் ஒரு கோழியை வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. ரொட்டி தேறிவிட்டதே என்ற மிதப்பு.

தீபாவளியன்று முற்றத்தில் எல்லாரும் பார்க்க என் பெட்டியை இறக்கினேன், மசாலா தடவிய கோழித் துண்டுகளை அடுக்கினேன், மூடினேன். கொஞ்ச நேரத்தில் மூடி இடுக்கில் கறுப்புப் புகை வந்தது. திறந்தால் உள்ளே தீ. ரொட்டியில் கொழுப்பு இல்லை, கோழியில் இருக்கிறது. அது உருகி, பழுக்கக் காய்ந்த தகட்டில் தேங்கிப் பற்றிக்கொண்டது. எல்லாத் துண்டும் ஒரே சீராகத்தான் வெந்திருந்தது. ஒரே சீராகக் கரியும் பூசியிருந்தது. "அலமாக்! என்ன மாப்பிள்ள, கோழியா இது, கரிக்கட்டையா?" என்று மாமியார் வாயில் கை வைத்தார். அண்டை வீட்டார் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சகலை சிரிக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கத்தியால் கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றார். "உள்ள நல்லா வெந்திருக்கு, தம்பி" என்றார். மாமியார் விடவில்லை, "நீங்க ஏதாச்சும் பண்ணுங்க மூத்தவரே" என்றார். அவர் என்னைப் பார்த்தார், தயங்கினார், பிறகு காரின் பின்பெட்டியைத் திறந்தார். உள்ளே துணி சுற்றிய ஓர் எஃகுப் பெட்டி. "நீங்கள் செய்யிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன், தம்பி. அதான் இதைக் காரிலேயே வச்சிட்டன்" என்றார். என்னோடு போட்டி வேண்டாம் என்று ஒளித்து வைத்திருக்கிறார். அவர் அதைத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவருடைய தடுப்புத் தகடு சரிவாக இருந்தது. ஓரத்தில் ஒரு வாய்க்கால், அதன் முனையில் ஒரு காலிப் பால் டின். கொழுப்பு சரிந்து ஓடி டின்னில் சொட்டியது. அவருக்குப் புரட்டாசி கிடையாது. மாதம் முழுவதும் கோழி சுட்டே பார்த்திருக்கிறார். விரதம் இருந்தவன் தோற்றான், கோழி தின்றவர் ஜெயித்தார். அன்று சாமி மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் என் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அத்தான் எப்படி யோசிச்சிருக்காரு பாருங்க." குளுவாங் திருப்பம் தாண்டும்போதுதான் எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. அவருடைய பெட்டியில் ஒரு குறை இருந்தது. தடுப்புத் தகட்டின் இடது பின்மூலையில் காரணமே இல்லாமல் ஒரு துளை. அதன் வழியாக அனல் நேராக ஏறி, அந்த மூலைத் துண்டு மட்டும் எப்போதும் கருகியது. "ஏர்கோன் பண்றவருக்கு ஓட்டை எங்க போடறதுன்னு தெரியல" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பின் வருஷா வருஷம் அந்த அடுப்பின் முன் அவர்தான் நின்றார். நான் தட்டு ஏந்தினேன். அவர் சுட்ட கோழிக்கு 'அத்தான் கோழி' என்று பெயரும் வந்துவிட்டது, என் பிள்ளைகளே அப்படித்தான் கேட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் இடது பின்மூலையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வேன். ஒரு தடவை அடக்கமாட்டாமல் சொல்லியும்விட்டேன். "அண்ணே, அந்த ஓட்டைய அடைச்சிட்டா சரியா வரும். நான் வேணும்னா அடைச்சித் தரேன்." அவர் கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அந்த மூலை அப்பிடியே இருக்கட்டும், தம்பி. அதுக்கு ஆள் இருக்கு" என்றார். தன் தவறை ஒத்துக்கொள்ள மனமில்லாத ஆளின் பேச்சு என்று நான் முடிவு கட்டினேன்.

போன வருஷம் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. ஜொகூர் பாருவில் தேவாலயத்தில் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரில் நானும் ஒருவன். அழுதேன், அது பொய்யில்லை. ஆனால் அழுகை அடங்கியதும் அடுப்பின் நினைவு வந்தது, அதுவும் பொய்யில்லை. அவர் செய்த பெட்டி அடியில் இற்றுப்போயிருந்தது. நான் புதிதாக ஒன்று செய்தேன். இரட்டைச் சுவர், அவருடைய சரிவு, அவருடைய வாய்க்கால், பால் டின்னுக்குப் பதில் இழுத்து எடுக்கிற தட்டு. மூலைத் துளையை மட்டும் போடவில்லை. இந்த முறை ரொட்டியை நம்பவில்லை, கோழியையே சுட்டுப் பார்த்தேன். ஒரு துண்டுகூடக் கருகவில்லை.

இந்தத் தீபாவளிக்கு இடுக்கி என் கையில். எத்தனை வருஷக் கனவு! கோழி ஒரே நிறத்தில், ஒரே பதத்தில் தட்டுக்கு வந்தது. மாமியார் ஒரு துண்டைக் கடித்து, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மாப்பிள்ள" என்றார். பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. என் மனைவியின் அக்காள் தட்டின் முன்னால் நின்று துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கீழே கிடந்ததை மேலே போட்டார், மறுபடியும் தேடினார். "என்னக்கா வேணும்?" என்றேன்.

"கருகுனது ஒன்னு இருக்குமே, அது இல்லையா?" என்றார். "எனக்குக் கருகுனதுதான் பிடிக்கும். அவர் எனக்குன்னே ஒரு மூலையில ஓட்டை போட்டு வெச்சிருந்தாரு. உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லியிருந்தார். என் காதில்தான் ஏறவில்லை. ஓர் அடுப்பு முழுவதும் சீராக வேகவேண்டும் என்று நாங்கள் இருவரும் உழைத்தோம். அவர் மட்டும், எல்லாம் முடிந்தபின், தன் மனைவிக்காக ஒரு மூலையைக் கெடுத்து வைத்திருக்கிறார். நான் கேலி செய்த ஒரே இடத்திலும் அவர்தான் ஜெயித்தார். இனி பொறாமை அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அது இரண்டு மடங்கானது. செத்துப்போன மனிதர் மேல் அவ்வளவு எரிச்சலோடு நான் அன்று அந்த முற்றத்தில் நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உலு திராமில், என் அருமைத் தகட்டைக் கழற்றி இடது பின்மூலையில் ஒரு துளை போட்டேன். வேறென்ன செய்வது? அந்த அக்காள் அடுத்த வருஷமும் வருவாரே. சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் பழையபடி ரொட்டி பரப்பினேன். மூடியைத் திறந்தால் எல்லாம் பொன்னிறம், ஒரு மூலை மட்டும் கன்னங்கரேல். என் மனைவி பட்டரும் சீனியும் எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"உனக்குக் கோழியில எந்தத் துண்டு பிடிக்கும்?"

"கோழி எதா இருந்தா என்ன" என்றாள். "எனக்கு இந்த ரொட்டிதான். அந்தப் புரட்டாசி பூரா சுட்டுக் குடுத்தீங்களே, அதுக்கப்புறம் நீங்க சுடவே இல்ல. அத்தான் ஒரு நாள்கூட ரொட்டி சுட்டதில்ல தெரியுமா?"

தெரியும். அவர் சுட்டதில்லை. அந்த நிமிஷமே காரை எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, இதை அவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது, கேட்டு வயிறெரிய அவர் இல்லை. அவள் பொன்னிறத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிக்கொண்டிருந்தாள். மூலையில் இருந்த கருகிய துண்டை நான் எடுத்துக்கொண்டேன். சீனி போட்டும் கசந்தது. முழுவதையும் தின்றேன்.