கம்பியை விட்ட ஞாயிற்றுக்கிழமை

கம்பியைப் பிடித்திருக்கும் வரை நான் கெட்டிக்காரிதான். ஆரணியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில், ஞாயிறு காலையில் பாலே நடன வகுப்பு. சொல்லிக்கொடுப்பவள் சென்னையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். சுவரை ஒட்டி இடுப்பு உயரத்தில் ஒரு ஸ்டீல் கம்பி. அதைப் பொருத்த வந்த வெல்டிங் கடைக்காரர், "துணி காயப் போடவாம்மா?" என்று கேட்டாராம். அதில் ஒரு கையை வைத்துக்கொண்டு முட்டியை மடக்குவேன், காலை நீட்டுவேன், குதிகாலைத் தூக்கிக் கால்விரல்களில் நிற்பேன். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து பட்டுப்புடவை நெய்கிறவளுக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் நிமிர்ந்து நிற்பது எவ்வளவு சுகம் என்பது அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் மாதம் வந்தது வினை. "அக்கா, கம்பிய விட்டுட்டு நடுவுல வாங்க" என்றாள். அதே அசைவுகள்தான், பிடிமானம் மட்டும் கிடையாது. போனேன். இடது கை இடுப்பு உயரத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. கண் கீழே போய்விட்டது. குதிகாலைத் தூக்கியதும் பக்கத்தில் நின்ற பெண்மேல் சாய்ந்தேன். அடுத்த வாரமும் சாய்ந்தேன், அதற்கடுத்த வாரமும்.

"இன்னாக்கா, தரையையே பாத்துகினு இருக்கீங்க? காலு எங்கியும் ஓடிப்போவாது."

டீச்சர் இப்படிக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து, அந்த ஹாலில் டைல்ஸ் சரியாகப் போடவில்லை என்றேன். பக்கத்துத் தறியில் நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று இழுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமையும் முடியலன்னா கிளாஸையே விட்டுடறேன், போதுமா?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, விட மனசில்லை. எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அவர் நெய்வதை நிறுத்தினார். "தறிக் குழிக்குள்ள காலு மிதிக்குதே, அத என்னிக்காவது எட்டிப் பாத்துகினு நெய்ஞ்சிருக்கியா?"

கேலிக்குத்தான் கேட்டார். நான் என் தறியில் உட்கார்ந்து மிதித்தேன். இருபது வருடமாக மிதிக்கிறேன். மிதிபலகை எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடுவில் போய் நின்றேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கண்ணை அதிலேயே வைத்தேன். முட்டியை மடக்கினேன், காலை நீட்டினேன், சேர்த்தேன். குதிகாலைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு. மூன்றில் உடம்பு ஆடியது. கீழே பார்க்கவில்லை. நான்கு. குதிகால் தரையைத் தொட்டபோது நான் யார்மேலும் சாய்ந்திருக்கவில்லை. கண் கலங்கிவிட்டது, அத்தனை சந்தோஷம். நாலு எண்ணுகிற நேரத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

"சூப்பர்க்கா! இனிமே சுத்தித் திரும்பறதுக்குக் கத்துக்கலாம்" என்றாள். பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

வீட்டில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எதுவும் விளங்காமல் மெதுவாக ஆரம்பித்தார்.

"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில சேவூருக்கு, தங்கச்சி வூட்டுக்குப் போலாமா?"

"மத்தியானத்துக்கு மேல போலாங்க. காலையில எனக்கு கிளாஸ் இருக்குது."