சரஸ்வதி பூஜையில் வைத்த ஜப்பான் நோட்டு

1. லேப்டாப்பும் வணக்கம் சொன்னது

டெக்சாஸில், இர்விங் நகரத்து லாஸ் கொலினாஸ் பக்கம் இருந்த ஒரு ஜப்பானியக் கம்பெனிக்கு என்னை டெஸ்ட் லீடாக அனுப்பியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கார் உதிரிபாகக் கிடங்குக்கான சாப்ட்வேர். அது கிடங்கில் நிஜமாக ஓடத் தொடங்குகிற கோ லைவுக்கு எட்டு மாதம் இருந்தது.

போவதற்கு முன் எங்கள் ஆபீஸில் அரை நாள் டிரெயினிங் வைத்தார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். விருந்தாளியை வழியனுப்பினால் லிஃப்ட் கதவு மூடும்வரை குனிந்து நிற்க வேண்டும். சொந்த விஷயம் எதுவும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்குக் கஷ்டம். கரூர்க்காரி நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் குளித்தலை வருவதற்குள் எத்தனை பிள்ளைகள், யாருக்கெல்லாம் கல்யாணம் ஆயிற்று என்று கேட்டு முடித்துவிடுகிற ரகம். சம்பளம் வாங்குகிற இடமாயிற்றே என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் தரப்பு மேனேஜர் ஒகாதா சான். நம் ‘சார்’, ‘அம்மா’ மாதிரி பெயருக்குப் பின்னால் அவர்கள் போடுகிற மரியாதைதான் ‘சான்’. நாகோயாவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அவர் நீட்டிய கார்டை ஒழுங்காக இரண்டு கையாலும் வாங்கினேன். அந்தக் கவனத்தில் கக்கத்தில் இடுக்கியிருந்த லேப்டாப்பைக் கீழே போட்டேன்.

அவரே எடுத்துக் கொடுத்தார். “உங்க லேப்டாப்பும் குனிஞ்சு வணக்கம் சொல்லுது” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

2. பகல் பன்னிரண்டு மணி

அங்கே சாப்ட்வேர் பிழைகளைக் குறித்துவைக்கிற டிஃபெக்ட் லாகில் பாதி ஜப்பானிய மொழியில் இருக்கும். மொழிபெயர்க்கிற சாப்ட்வேரை நம்பி மூன்று டிஃபெக்டைத் தவறாக க்ளோஸ் பண்ணினேன். ஒகாதா சான் கோபித்துக்கொள்ளவில்லை. “தினமும் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம் உக்காரலாமா?” என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டரைக்கு டிஃபெக்ட் ரிவ்யூ. அந்த மீட்டிங் ஒரு நிமிடம்கூடப் பிந்தாது.

சாப்பிட்டுக்கொண்டே பாடம். டப்பாவைத் திறந்ததும் கைகூப்பி ‘இதாதகிமாஸ்’ என்பார். இந்தச் சாப்பாடு எனக்குக் கிடைத்ததற்கு நன்றி என்று அர்த்தமாம். என் தயிர்சாதத்தை முதல் வாரம் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாவது வாரம் டப்பா மூடியை நீட்டினார்.

கடையில் வாங்கிய பாடப்புத்தகம் எனக்குச் சுத்தமாக ஏறவில்லை. ஒருநாள் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார். “என் மனைவி ஹருமியோட நோட்டு. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்க அவங்க கையால எழுதினது.”

முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் பூனை, குடை என்று ஒரு படம். அதை வைத்துத்தான் ஹிராகானா எழுத்துகள் நாற்பத்தாறும் எனக்குப் பிடிபட்டன. ஹருமி நாகோயாவில் டீச்சர், லீவுக்கு இங்கே வருவார் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கேட்கத்தான் கூடாதே!

ஒருமுறை நோட்டு கை தவறித் தரையில் விழுந்தது. சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நமக்கு அது பழக்கம். ஒகாதா சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். 

3. ஞாயிற்றுக்கிழமை

அந்த வருஷம் சரஸ்வதி பூஜை ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. ஒகாதா சானைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பூஜையில் என் பெண் நிலாவின் கெமிஸ்ட்ரி புத்தகம், என் கணவரின் ஸ்க்ரூ டிரைவர் செட், எல்லாவற்றுக்கும் மேலே அந்த நீல நோட்டு. அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து வெள்ளைச் சாமந்தி சாத்தினேன். ஊதுபத்தி ஸ்டாண்டை வீடு மாறியபோது தொலைத்துவிட்டோம். எவர்சில்வர் டம்ளரில் அரிசியை நிரப்பி மூன்று ஊதுபத்தியை என் கணவர் குத்திவைத்தார். ஸ்மோக் அலாரம் கத்தக் கூடாதென்று ஒரு ஜன்னலையும் திறந்துவைத்தார்.

ஒகாதா சான் பிஸ்கட் பெட்டியோடு வந்தார். வாசலிலேயே ஷூவைக் கழற்றித் திருப்பி வைத்தார். உள்ளே வந்து பூஜையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முழங்காலை மடித்து உட்கார்ந்து, கைகூப்பி, வெகுநேரம் தலை குனிந்திருந்தார்.

“பாரேன், எவ்ளோ பக்தி!” என்று என் கணவர் காதைக் கடித்தார்.

நிமிர்ந்தபோது ஒகாதா சானின் கண் சிவந்திருந்தது. இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் பொங்கல் சாப்பிட்டார். “மன்னிச்சுக்கோங்க, இன்னிக்கு நான் கிளம்பறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஜப்பான் கார்ட்டூன் தொடர்களாகப் பார்த்து வளர்ந்தவள் நிலா. அறையிலிருந்து வந்து பூஜையைப் பார்த்ததும் தலையில் கைவைத்தாள். “அம்மா, நோ! ரைஸ்ல ஸ்டிக் நிக்க வெச்சு, ஒயிட் சாமந்தி... தட்ஸ் ஃபார் டெட் பீப்பிள், மா! ஜப்பான்ல ஃப்யூனரலுக்குத்தான் இப்படி வெப்பாங்க. அதுக்கு நடுவுல அவர் வைஃபோட நோட்டா?”

 கட்டியவள் ஊரில் உயிரோடு இருக்கும்போது அவளுக்குக் கருமாதி நடத்திக் காட்டியிருக்கிறேன், அதுவும் விருந்துக்குக் கூப்பிட்டு! வேலை சரியென்று அவர் போட வேண்டிய சைன் ஆஃப் போனால் போகட்டும். தயிர்சாதத்துக்கு மூடியை நீட்டிய மனுஷன் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?

ஜப்பானிய மொழியில் முறையாக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று ஹருமி அந்த நோட்டில் எழுதியிருந்தார். நோட்டோ பூஜையில். மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது.

“ஏனுங்க, எடுத்துப் பாத்தாத் தப்பாங்க?” என்றேன்.

“சாமிகிட்ட ஒரு தப்பு, அவருகிட்ட ஒரு தப்புன்னு ரெண்டாக்காத. நெனப்புல இருக்கறதச் சொல்லு போ” என்றார் என் கணவர்.

4. திங்கட்கிழமை

இருபத்தெட்டு வருஷ வேலையில் எத்தனையோ புரொடக்‌ஷன் க்ராஷ் பார்த்தவள், அன்று காலை ஒகாதா சான் மேஜைக்குப் போகாமல் இரண்டு தரம் காபி மெஷின் வரை போய்த் திரும்பினேன். ‘மோஷிவாகே அரிமாசென்’ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். மன்னிப்புக்கே தகுதியில்லை என்கிற அளவுக்குப் பெரிய மன்னிப்பு அது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒகாதா சான் எழுந்து இடுப்பு வரை குனிந்தார்.

“நேத்து எனக்குப் பேச வரலை, செல்வி சான். ஹருமி இறந்து இந்த மாசத்தோட ரெண்டு வருஷம். எங்க வழக்கத்துல பெருசாச் செய்ய வேண்டிய திதி. கோ லைவ் இருக்கறதால ஊருக்குப் போகலை. இந்த வருஷம் அவளுக்கு யாரும் பூ வெக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன். நீங்க வெச்சீங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

‘பரவாயில்லை’ என்று சொல்லி நல்ல பெயரோடு நகர்ந்திருக்கலாம். ஒரு நிமிடம் அந்த ஆசையும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன். ஸ்டாண்ட் தொலைந்ததால் அரிசி டம்ளர், கடையில் அன்றைக்கு வெள்ளைதான் கிடைத்தது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். “அது படிப்புக்கான சாமி. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற புத்தகத்தை வருஷத்துல ஒருநாள் அதுகிட்ட வெப்போம். உங்க மனைவி இல்லைங்கறதே இப்பதான் தெரியும்” என்றேன்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். மேஜையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். மறுபடியும் நேராக வைத்தார்.

“அப்ப, செத்துப் போனவளா நெனச்சு வெக்கலை. டீச்சரா நெனச்சு வெச்சீங்க.”

“ஆமா.”

“அவளுக்கு அதுதான் பிடிக்கும்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். நானும்தான்.

சாயங்காலம் புனர்பூஜைக்கு அவரே கேட்டு வந்தார். டம்ளரை எடுத்துவிடவா என்றேன், அப்படியே இருக்கட்டும் என்றார். கற்பூரம் காட்டி முடித்ததும் நோட்டை எடுத்தேன். விஜயதசமியன்று பூஜையில் வைத்ததை எடுத்து வாய்விட்டு இரண்டு வரியாவது படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். ‘க்யோ வா ஈ தென்கி தெஸ்.’ இன்று நல்ல வானிலை. வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

ஒகாதா சான் சிரித்துவிட்டார். “மழை நாளாப் பாத்துத்தான் அவளும் இதைச் சொல்லிக்கொடுப்பா, பசங்க சிரிக்கட்டும்னு.” தினமும் என் உச்சரிப்பைப் பத்து இடத்தில் திருத்துகிறவர், அன்று ஒரு இடத்தில்கூடத் திருத்தவில்லை.

5. கேட்காத கேள்வி

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கார்டை இரண்டு கையால் வாங்குங்கள், லிஃப்ட் மூடும்வரை குனிந்து நில்லுங்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் வீட்டில் யார் யார் என்று கேட்கவே கூடாதென்று எந்த டிரெயினிங் சொன்னாலும் முழுசாக நம்பாதீர்கள். எட்டு வாரம் அவர் மனைவியின் கையெழுத்தில் படித்தும், அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள் நான். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தோம். அவர் இதாதகிமாஸ் சொல்லி முடித்ததும், எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் கேட்டேன். “ஹருமி சான் வா தொன்னா ஹிதோ தெஷிதா கா?” ஹருமி எப்படிப்பட்டவர்?

சாப்பாடு ஆறிப்போனது. அன்றைய டிஃபெக்ட் ரிவ்யூ பன்னிரண்டு ஐம்பதுக்குத்தான் ஆரம்பித்தது.